பின் கொட்டாய்

மேற்குத் தாம்பரத்தில் ஜெபசீலன் குடியிருந்த வீட்டுக்கும் ராஜகோபால் வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர் ஒன்றுதான். அந்த வீட்டில் டெலிபோன் மணி அடித்தால் இந்த வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். மணி நின்றதும் ஜெபசீலன் கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல் காத்திருப்பான். சில நாள் ஒன்றும் வராது. அது ராஜகோபாலுக்கு வந்த போனாக இருக்கும். பல நாள் அவருடைய மனைவி காந்திமதியின் குரல் சுவரைத் தாண்டி வரும்.

"சார், உங்களுக்குத்தான்! யாரோ லாரிக்காரராம்!"

ராஜகோபாலுக்குக் கொத்தவால்சாவடியில் மிளகாய் மண்டி. அதற்காக வாங்கிப்போட்ட டெலிபோன் அது. தீ விபத்துக்கும் லாரிக்கும் இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்த ஜெபசீலனின் கார்டிலும் அதே நம்பர்தான் அச்சாகியிருந்தது. பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து. அடுத்த வீட்டு டெலிபோன், கூப்பிட்டால் வந்து பேசுவார் என்று பொருள். ஒன்பது வருஷமாகப் பல்லாவரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை அந்தக் கார்டு போகாத பட்டறை இல்லை. இப்போது கம்பெனியை விட்டு நாலு மாதம் ஆகிவிட்டது. கார்டுகள் மட்டும் அவரவர் கல்லாப்பெட்டியிலும் காலண்டர் ஆணியிலும் அப்படியே இருந்தன.

"சார், நான் சின்னப்பன். வண்டி கண்ணாடி பூட்ச்சு சார். மதுராந்தகம் தாண்டி ஒரு கல்லு வந்து..."

"சின்னப்பன், நான் கம்பெனிய விட்டுட்டேன். தயவுசெய்து பிராஞ்ச் ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

"போன மாசமும் இதயேதான் சொன்ன. இன்னா சார், ரெக்கார்டு தட்டு மாரி?"

"இப்படித்தான் சொல்லணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"சரி, நீ கம்பெனிய வுட்டுட்ட. நான் உன்னைய வுடலியே. நம்பரெல்லாம் அப்புறம். இப்ப அந்தக் கண்ணாடிய கழட்டலாமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

ஜெபசீலன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பான். "போட்டோ எடுக்காம கழட்டாதீங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனை வைப்பான். வைத்த பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று மிச்சச் சோறு இறங்காது.

கம்பெனியை விட்டுவிட்டேன் என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை அவன் மனைவி சரோஜினிதான் தன் ஆசிரியைக் கையெழுத்தில் பெரிதாக எழுதி டெலிபோனுக்கு மேலே ஒட்டியிருந்தாள். காந்திமதி ஆட்சேபிக்கவில்லை. "ஒட்டிக்குங்க டீச்சர். ஆனா போன் பண்றவங்க அதப் படிக்க முடியாதே" என்றாள்.

ஜெபசீலன் கம்பெனியை விட்டதற்குச் சண்டை ஏதும் காரணமில்லை. வயிற்றில் புண். வேளைக்குச் சாப்பாடு இல்லாமல் சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்தது போதும், ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று டாக்டரும் சொன்னார், சரோஜினியும் சொன்னாள். பாரிமுனையில் வேறொரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் செக்‌ஷனில் க்ளார்க் வேலை கிடைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு கம்பெனி ஆளை இன்னொரு கம்பெனி எடுத்தால், வாடிக்கைக்காரர்களை இழுத்துக்கொண்டு வரவில்லை, எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று பழைய மானேஜர் கடிதம் தர வேண்டும். நவம்பர் கடைசிக்குள் அந்தக் கடிதம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் இல்லை. பழைய மானேஜர் எட்மண்ட், பழைய வாடிக்கைக்காரர் யாரோடும் தொடர்பு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஜெபசீலனிடம் எழுதி வாங்கிக்கொண்டார். கடிதத்தை மட்டும் இன்னும் தரவில்லை.

நவம்பர் இருபத்துநாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நான்கு நாளாக விட்டு விட்டு மழை. தெருவில் போட்டிருந்த செங்கல்மேல் கால் வைத்துத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஏழேகால் மணி ரயிலுக்கு டிபன் டப்பாவோடு கிளம்பியவனைக் காந்திமதியின் குரல் நிறுத்தியது.

"சார், ஒரு பொம்பள. அழறா."

போனை எடுத்தான். பின்னால் தோல் பதனிடும் டேனரி மிஷினின் இரைச்சல் கேட்டது. பம்மலில் டேனரி கேட்டுக்குள் இருக்கும் டெலிபோன்.

"சார், கங்கம்மா பேசறேன். எல்லாம் பூட்ச்சு சார்."

"கங்கம்மா, நான் கம்பெனிய..." என்று ஆரம்பித்தான். வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. "அழாத. நிதானமா சொல்லு. என்ன போச்சு?"

"கொட்டாய் சார். நேத்து மத்தியானம். அண்டாவ எறக்கிகினு இருந்தோம். காத்து சுத்தி அடிச்சுது பாரு, அடுப்புப் பொறி பறந்து ஓலத் தட்டீல உழுந்துட்ச்சு. காலீலேர்ந்து ஊத்திகினு இருந்த மய, அந்த நேரம்னு பாத்து நின்னுகினு வேடிக்க பாக்குது சார்."

"ஆளுங்களுக்கு?"

"ஆளுங்க ஒயுங்காத்தான் கீறாங்க. மால்தான். காய வெச்சு மூட்ட கட்டனதெல்லாம் உருகி ஓடி, தரையோட தரையா ஒட்டிகினு கீது."

டேனரிகளில் சுண்ணாம்பில் ஊறிய தோலைச் செதுக்கும்போது விழும் கழிவை வாங்கி, அலசி, அண்டாவில் காய்ச்சி, தச்சர்களுக்கான பசைக்கட்டி செய்வது கங்கம்மாவின் தொழில். புருஷன் இறந்த பிறகு நாலு பெண்களை வைத்துக்கொண்டு அவளே நடத்தினாள். போன வருஷம் பாங்கில் கடன் வாங்கினாள். மாலுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் கடன் என்றார்கள். பாலிசி போட்டுக்கொடுத்தவன் ஜெபசீலன்.

"முன்னாடி கொட்டாயா எரிஞ்சுது?"

"அது நல்லாத்தான் கீது. பின்னாடி கொட்டாய். புதுசு."

"பாலிசி முன் கொட்டாய்க்குத்தானே கங்கம்மா? மாலு எந்தக் கட்டடத்துல இருக்குன்னு எழுதியிருக்கோ அதுக்குத்தான் பணம் வரும்னு சொல்லியிருக்கேனே. எடம் மாறினா முன்னாடியே தகவல் குடுக்கணும்னு..."

"குடுத்தேனே சார்! முன்னாடி கொட்டாய் ஒயுவுது, மால பின்னாடி மாத்திகினேன்னு அன்னிக்கே போன் பண்ணேனே. நீ இல்ல. டீச்சரம்மா எழுதிகினாங்களே."

டெலிபோன் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு சணலில் தொங்கியது. கம்பெனியின் ஃபைல்களைத் திருப்பிக் கொடுத்தபோது இதைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. புதுச் சரக்கு வந்தால், லாரி வாங்கினால், இடம் மாறினால் வாடிக்கைக்காரர்கள் இந்த நம்பரில் ஒரு வார்த்தை சொல்வார்கள். அவன் இல்லாவிட்டால் சரோஜினி சுவரேறி வந்து, நேரம் போட்டு எழுதிக்கொள்வாள். எழுதிய நிமிஷத்திலிருந்து காப்பு உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். மறுநாள் அவன் ஆபீசில் கடிதமாக எழுதிக் கொடுப்பான். கம்பெனியும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒன்பது வருஷமாக இதுதான் நடைமுறை.

ஒரு கையால் பக்கத்தைத் திருப்பினான். சரோஜினியின் உருண்டை எழுத்து.

'12-11-70 வியாழன், மாலை 5.40. கங்கம்மா, பம்மல். முன் கொட்டாய் ஒழுகுகிறது. சரக்கு முழுவதையும் இன்று முதல் பின் கொட்டாய்க்கு மாற்றியிருக்கிறார்.'

காந்திமதி காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். ஜெபசீலன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"கங்கம்மா, டீச்சர்கிட்ட சொன்னத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. கம்பெனி ஆளு வந்து கேட்டாலும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

"சரி சார். நீ சொன்னா சரி."

போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருவதற்கு முன்னால் வாடிக்கைக்காரரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வைப்பது ஏஜெண்டுகளின் பழக்கம். அவர்களும் பாடம் மாதிரி அப்படியே ஒப்பிப்பார்கள். ஆனால் இதுவரை அவர்களுடைய நன்மைக்குத்தான் அவன் சொல்லியிருக்கிறான்.

சரோஜினி கண்ணாடி முன்னால் நின்று கொண்டையில் ஊசி செருகிக்கொண்டிருந்தாள். அவன் நோட்டைச் சணலோடு கொண்டுவந்து மேஜைமேல் போட்டதும் புரிந்துகொண்டாள்.

"எரிஞ்சுடுச்சா?"

"எப்படித் தெரியும்?"

"உங்க மூஞ்சியிலதான் தெரியுது." ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் காகிதத்த கண்ணுக்கு நேரா நீயே ஒட்டினே. நீயே படிக்கலியா?"

"நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவ சொல்லி முடிச்சுட்டா. கை எழுதிடுச்சு. 'எழுதிட்டேம்மா'ன்னு வாய் சொல்லிடுச்சு. அவ வெச்சதுக்கப்புறம்தான், நாம இப்ப அந்தக் கம்பெனிக்கு யாரும் இல்லயேன்னு ஞாபகம் வந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"மணி அடிச்சாலே தட்டத் தள்ளிட்டு எந்திரிக்கிறீங்க. இத வேற எப்படிச் சொல்றது? பிராஞ்சுக்கு நானே ஒரு கார்டு எழுதிப் போட்டுடலாம்னு நெனச்சேன். மறுநாள் ஆறாங்கிளாஸ் பரீட்சைப் பேப்பர் வந்துச்சு. அதுல..."

"நான் அவள யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிட்டேன்."

சரோஜினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்காகவா?"

"தெரியல. உனக்காகவோ எனக்காகவோ."

"அப்ப அவளுக்கு?"

ஜெபசீலன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, ஆபீசில் மற்றவர்களின் க்ளெய்மைப் பிரித்துப் பார்ப்பது போல இதையும் பிரித்துப் பார்த்தான். ஒன்று: அவன் ஜூலையிலேயே போய்விட்டான், அவன் வீட்டில் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாகாது. இரண்டு: அவன் போனதைக் கம்பெனி ஒருவருக்கும் தெரிவிக்கவில்லை. செப்டம்பரில் கங்கம்மாவுக்கு வந்த ரசீதில் கூட அவன் பெயரும் இந்த டெலிபோன் நம்பரும் ரப்பர் ஸ்டாம்பில் குத்தியிருந்தது. அவன் இல்லாத ஒரு நாள் அவளே அதைப் போனில் காந்திமதியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அப்படியானால் அவள் சொல்ல வேண்டிய இடத்தில்தான் சொல்லியிருக்கிறாள். நோட்டும் ரசீதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கம்பெனி சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது. நோட்டு இல்லாவிட்டால் கங்கம்மாவுக்கு ஒன்றுமில்லை. குரோம்பேட்டை வந்தபோது ஒரு முடிவுக்கு வந்தான். கிண்டி வந்தபோது அந்த முடிவு தப்பென்று பட்டது. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கும்போது முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பழைய பிராஞ்சுக்கு நடந்தான். எட்மண்ட் மேஜைமேல் பேப்பரை விரித்து டிபன் காரியரைத் திறந்து வைத்திருந்தார். சங்கரா மீன் குழம்பு.

"வா ஜெபசீலன். உக்காரு. ஒரு துண்டு எடுத்துக்க."

"சாப்ட்டாச்சு சார்."

"பொய் சொல்லாத. ஒன்பது வருஷமா உன் மூஞ்சியப் பாத்தவன். பம்மல் விஷயமா?"

"ஆமா சார்."

"சனிக்கிழமை மூணு மணிக்கு சர்வேயர் தனசிங் போறார். பாலிசி முன் கொட்டாய்க்கு, எரிஞ்சது பின் கொட்டாய். ரெண்டு வரி எழுதுவார், ஃபைல் க்ளோஸ். அந்தப் பொம்பளைய நெனச்சா எனக்கும் வருத்தம்தான்."

"அவங்க தகவல் சொல்லியிருந்தா?"

எட்மண்ட் ஒரு முள்ளை எடுத்துக் காரியர் மூடியின் ஓரத்தில் வைத்தார். "யார்கிட்ட?"

ஜெபசீலன் மூடியிலிருந்த முள்ளைப் பார்த்தான்.

"பிராஞ்சுக்கு லெட்டர் வரல, போன் வரல. விசாரிச்சுட்டேன். வேற எங்கயாவது சொல்லியிருந்தா அது கம்பெனிக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்ல."

"செப்டம்பர் ரசீதுல என் ஸ்டாம்ப் இருக்கு சார். நான் ஜூலையிலயே போயிட்டேன்."

"இருக்கும்." எட்மண்ட் சத்தம் போடவில்லை. "ஜெபசீலன் போயிட்டார்னு எல்லாருக்கும் கார்டு போட்டிருந்தா, கிறிஸ்துமசுக்குள்ள பாதிப் பேர் உன் பின்னாடி வந்திருப்பாங்க. மேல இருக்கறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? இந்த நாற்காலியில உக்காந்தா நீயும் அதத்தான் செய்வே." இடது கையால் டிராயரை இழுத்தார். டைப் அடித்த கடிதம் ஒன்று மேலேயே இருந்தது. ஜெபசீலன் தன் பெயரைத் தலைகீழாகப் படித்தான். "கையெழுத்துதான் பாக்கி. திங்கக்கிழமை முப்பதாம் தேதி. வந்து வாங்கிக்க. சனிக்கிழமை நீ பம்மல்ல இருக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல, இல்லியா?"

"இல்ல சார்."

"அப்ப ஒரு துண்டு எடுத்துக்க. வீட்ல பண்ணது."

ஜெபசீலன் நின்றபடியே ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் தாம்பரம் வரைக்கும் விரலில் அந்த வாசனை போகவில்லை.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சரோஜினி கோதுமை ரவை உப்புமா கிண்டி வைத்தாள். அவன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். டெலிபோன் அடிக்கிறதா என்று நின்று கேட்பான். அடிக்காது. அதுவும் தாங்கவில்லை.

"உக்காந்து சாப்பிடுங்க. டாக்டர் சொன்னது நாற்காலி. நடையில்ல."

"நாற்காலி கிடைக்குமான்னுதான் நடக்கறேன்."

"நாளைக்கு மூணு மணிக்கு நான் பம்மல் போறேன்."

அவன் நின்றான். "நீ எதுக்கு?"

"எழுதினது நான். யார் எழுதினதுன்னு சர்வேயர் கேட்டா நான்தானே சொல்லணும்?"

"அந்த நோட்டப் பாத்தா எட்மண்ட் கடிதம் தரமாட்டார். வேலை நிக்காது. உன் ஒரு சம்பளத்துல எத்தன நாள் ஓட்டறது?"

"தெரியல. அவ ஒரு சம்பளமும் இல்லாம ஓட்டணும்." உப்புமாத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "நீங்க வரணும்னு நான் சொல்லல. உங்க பேர் வராம சொல்ல முடியுமான்னு பாக்கறேன்."

"முடியாது. உங்கிட்ட அவ ஏன் சொன்னா? என் பொண்டாட்டிங்கிறதாலதானே?"

"அது என் தப்பில்ல" என்றாள் சரோஜினி. பல நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் குடையை எடுத்தபோது அவனும் செருப்பை மாட்டிக்கொண்டான். போகிற முடிவா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பல்லாவரத்தில் இறங்கிப் பம்மல் பஸ் ஏறினார்கள். டேனரிகள் தொடங்குகிற இடத்தில் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கருவேலம்பட்டை ஊறிய தண்ணீர் கறுப்பு டிக்காஷன் போலச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது, ஆனால் வானம் தாழ்ந்து, எந்த நேரமும் கொட்டும் போல இருந்தது.

கங்கம்மாவின் இடத்தில் வேலை நிற்கவில்லை. வாங்கிவிட்ட கழிவு அழுகிவிடும் என்பதால் இரண்டு பெண்கள் தொட்டியில் இறங்கி, முழங்கால் அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் தோல் துண்டுகளை மிதித்து அலசிக்கொண்டிருந்தார்கள். அண்டா அடியில் ஈர விறகு புகைந்தது. முன் கொட்டாயின் உடைந்த ஓடுகளிலிருந்து இன்னமும் தண்ணீர் சொட்டியது. அதற்குப் பின்னால் தட்டி எல்லாம் போய், நெளிந்த தகரமும் கரிந்த மூங்கில் கால்களுமாக நின்றது புதுக் கொட்டாய்.

சர்வேயர் தனசிங் ஐம்பது வயசு மனிதர். கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்டிருந்தார். முன் கொட்டாயை அளந்து முடித்து, டேப்பைத் தோல் உறைக்குள் சுற்றிக்கொண்டே கங்கம்மாவிடம் கேள்வி கேட்டார். ஜெபசீலனும் சரோஜினியும் வேலிப் படலைத் தள்ளி உள்ளே வந்தபோது அவர் கேட்டது இது:

"பாலிசியில உள்ள இடம் இது. இதுக்குச் சேதம் இல்ல. மால பின்னாடி மாத்தினத கம்பெனிக்கு யார் மூலமாவது சொன்னீங்களா?"

கங்கம்மா இவர்களைப் பார்த்துவிட்டாள். ஐந்து நாளாகத் தூங்காத முகம் சட்டென்று தெளிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள்.

"யாராண்டயும் சொல்லல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. லெட்டர்? ஆள் அனுப்பி? போன்ல?"

"இல்ல சார். யாராண்டயும் இல்ல."

சொல்லிவிட்டு ஜெபசீலனைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கும் பார்வை. தனசிங் குனிந்து அதை எழுதிக்கொண்டார். சரோஜினி வாயெடுப்பதற்குள் ஜெபசீலன் இரண்டு அடி முன்னால் போனான்.

"கங்கம்மா, போன் பண்ணி சொன்னேல்ல. அதச் சொல்லு."

"இன்னா போனு? நான் ஒண்ணும் பண்ணல."

"பண்ணே. டீச்சர்கிட்ட. பரவால்ல, இப்ப சொல்லலாம்."

அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. அவனைப் பார்த்தாள், சர்வேயரைப் பார்த்தாள். இதுவும் ஏதாவது ஏற்பாடோ என்று தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் பொறுக்காமல் குரல் உயர்ந்துவிட்டது.

"நீதான சார் சொல்லாதன்ன?"

தொட்டியில் மிதித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நின்றார்கள். கங்கம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தனசிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஜெபசீலன்தானே? நீங்க கம்பெனிய விட்டுட்டதா எட்மண்ட் சொன்னாரே."

"விட்டுட்டேன் சார். அது இவங்களுக்குத் தெரியாது. கம்பெனி சொல்லல. நானும் இவங்ககிட்ட சொல்லல, போன் வந்தா சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். வந்தப்ப நான் இல்ல."

சரோஜினி பையிலிருந்து, மெழுகுத் துணியில் சுற்றிய நோட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். "இது என் எழுத்து. அன்னிக்கே எழுதினது. மேலயும் கீழயும் மத்தவங்க போன் இருக்கு, தேதி பாத்துக்கலாம்."

தனசிங் முன் பக்கம் நாலு, பின் பக்கம் நாலு புரட்டினார். சின்னப்பனின் லாரிக் கண்ணாடி, யாரோ ஒருவரின் மரக்கிடங்கு எல்லாவற்றையும் படித்தார். கங்கம்மா ஓடிப்போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து செப்டம்பர் ரசீதைக் கொண்டுவந்தாள். அவர் ரசீதையும் நோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தேதிகளைப் பார்த்தார்.

"இவங்கள சொல்ல வேண்டாம்னு சொன்னது நீங்களா?"

"ஆமா சார். செவ்வாய்க்கிழமை காலையில."

"ஏன்?"

"புது வேலை நிக்கணும்னா எனக்கு ஒரு கடிதம் வரணும் சார். எட்மண்ட் சார் கையெழுத்து. இந்த நோட்டு வெளியில வந்தா அது வராது."

தனசிங் பேனாவை மூடினார். தணிந்த குரலில் சொன்னார்: "அந்தச் செவ்வாய்க்கிழமை விஷயத்த நான் எழுதணும்னு இல்ல. நோட்டும் ரசீதும் இருக்கு. அது இல்லாமலே ரிப்போர்ட் போகும்."

ஜெபசீலனுக்கு அந்த வழி திறந்திருந்தது. அவன் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தான். அதற்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தான்.

"இவங்க மொதல்ல சொன்ன பதிலையும் எழுதிட்டீங்க சார். யார்கிட்டயும் சொல்லலன்னு. ரெண்டு பதில் இருந்தா, ரெண்டாவது சொல்லிக் குடுத்து வந்ததும்பாங்க. மொதல் பதிலத்தான் நான் சொல்லிக் குடுத்தேன். அத எழுதலன்னா இவங்க பொய் சொன்னதா நிக்கும்."

"எழுதினா உங்களுக்கு அந்த வேலை இருக்காது. இந்தத் தொழில்ல வேற எங்கயும் கூட."

"எழுதுங்க சார்."

தனசிங் ஒரு பெட்டிமேல் காகிதத்தை வைத்து எழுதினார். வரி வரியாகப் படித்துக் காட்டினார். ஜெபசீலன் கையெழுத்துப் போட்டான். குறிப்பு தன்னுடையது என்று சரோஜினி கீழே போட்டாள். கங்கம்மா இருவரின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதுனால உனக்கு எதுனா ஆவுமா?"

"ஆகும்."

"இன்னா ஆவும்?"

"திங்கக்கிழமை தெரியும்."

"அப்ப எதுக்கு சார் சொன்ன?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கம்முனு தான இருந்தேன்? நீ சொன்னபடிதான இருந்தேன்? யாரு உன்னைய இங்க வரச் சொன்னாங்க? இன்னா டீச்சரம்மா, நீயாவது சொல்லக் கூடாது? இப்ப ரெண்டு வூடும் பேஜாராப் பூடும் போல கீதே!"

"உன் வீடு பேஜாராகாம இருந்தா போதும்" என்றாள் சரோஜினி. "வேலைய பாரு. அண்டா பொங்குது."

கங்கம்மா அழுதுகொண்டே ஓடி விறகை இழுத்தாள்.

"கம்பெனி என்ன செய்யும்னு நான் சொல்ல முடியாது" என்றார் தனசிங். "மல்லுக்கு நிப்பாங்க. பாத்தத எழுதுவேன், கேட்டத எழுதுவேன், அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே தோல் உறையைத் திறந்து டேப்பை மறுபடியும் வெளியே இழுத்தார். பின் கொட்டாய்ப் பக்கம் திரும்பினார். தூறல் விழ ஆரம்பித்தது. "மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம். எனக்கு ஆள் இல்ல. அந்த முனையப் பிடிக்கிறீங்களா?"

ஜெபசீலன் டேப்பின் வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு எரிந்த கொட்டாய்க்குள் இறங்கினான். உருகி இறுகியிருந்த பசை, மழை ஈரத்தில் மறுபடி இளகியிருந்தது. முதல் அடியிலேயே செருப்பு ஒட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனான். ஒவ்வொரு அடியையும் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கடைசி மூங்கில் காலுக்குப் போய், கரியில் வளையத்தை அழுத்திப் பிடித்தான்.

"வெச்சாச்சா?"

"வெச்சாச்சு சார்."

"இருபத்தெட்டு அடி நாலு அங்குலம்" என்று தனசிங் உரக்கச் சொல்லி, சரோஜினி பிடித்த குடைக்குள் குனிந்து எழுதினார். "இப்ப குறுக்கே."

ஜெபசீலன் காலைப் பிடுங்கி எடுத்து அடுத்த மூலைக்கு நடந்தான்.